மூன்று முறை பெயின்ட் அடித்த கூரை

இன்று காலை தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயின்ட் செதில் தோளில் வந்து விழுகிறது, நமத்துப்போன அப்பளம் மாதிரி. அடித்து ஐந்து மாதம்கூட முடியவில்லை. இது மூன்றாவது முறை.

வருகிற பெயின்டர் எல்லோருக்கும் ஒரே வசனம். அண்ணாந்து பார்த்து, "முன்னால் அடித்தவர் சரியாகச் சுரண்டவில்லை சார். பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட் அடித்துவிடுகிறேன். பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்பார். இரண்டாவதாக வந்த புண்ணியவான் குளியலறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிவிட்டுப் போனார். ஈரம் பட்டால் இளகிப்போகும் பொருளை ஈரத்துக்கே மருந்தாகத் தடவியிருக்கிறார்! மூன்றாமவர் தண்ணீர் புகாத பெயின்ட் என்று இரண்டு மடங்கு விலை வாங்கினார். புகாதுதான். அதனால் வெளியேறவும் வழியில்லை. கூரையில் கொப்புளம் கட்டியது. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன், ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் முகத்தில் கொட்டியது.

பெயின்டிலா ஐயா கோளாறு? என் கூரை என்பது மேல்வீட்டுக் குளியலறையின் அடிப்பக்கம். எங்கள் அடுக்குமாடியில் அந்தத் தளத்தை ஏறக்குறைய ஓரடி தாழ்த்தி, குழாய்களைப் பதித்து, உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் உதிர்ந்தாலும் தரைத் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றி விரிசல் விட்டாலும் போதும், அந்தச் செங்கல் குவியலுக்குள் குளம் கட்டிவிடும். அங்கிருந்து கான்கிரீட் வழியாகக் கசிந்து, சிமென்டில் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, என் தலைக்கு மேல் வெள்ளையாகப் பூக்கிறது.

இதைச் சொன்னால் மேல்வீட்டு உரிமையாளர் பெங்களூரிலிருந்து போனில் சிரிக்கிறார். "எங்கள் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே சார்!" எப்படி ஒழுகும்? தண்ணீர் கீழேதானே இறங்கும்! அடுத்து, "உங்கள் வெந்நீர் ஆவியாக இருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்" என்று இலவச ஆலோசனை வேறு. சென்னைச் சித்திரை வெயிலில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனிடம் ஆவியாம். ஆவி என்றால் கூரை முழுவதும் பூஞ்சை படர வேண்டும். இங்கே கழிவுநீர்க் குழாய் இறங்கும் மூலையில் மட்டும் இலங்கை வரைபடம் போல் ஈரம் நிற்கிறது.

சங்கத்திடம் போனேன். "அது உங்கள் இரண்டு பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்." கார் நிறுத்துமிடத்துக்காக மூன்று மணி நேரம் கூட்டம் போட்டவர்கள் இவர்கள்தான்.

போன வாரம் அந்த ஈரத்துக்குள் செம்பழுப்பில் ஒரு நேர்க்கோடு தெரிய ஆரம்பித்திருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏற ஏறக் கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். அடுத்து விழப்போவது அப்பளம் அல்ல.

ட்ராப்பை அடைத்து ஒரே ஒரு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாலு மாதமாகக் கெஞ்சுகிறேன். "குடியிருப்பவர்களுக்குச் சிரமம்" என்கிறார் உரிமையாளர். நாளை ஞாயிற்றுக்கிழமை. பழைய துணியைச் சுருட்டி பாலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல்வீட்டு அழைப்பு மணியை நானே அடிக்கப்போகிறேன்.