'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' இசைத்தட்டு, அந்த வீடியோவின் ஒலி இல்லை

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயும் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும் சேர்ந்து வரும் அந்த 1957 வீடியோவின் ஒலியைத்தான் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' இசைத்தட்டாகப் போட்டார்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், இன்னும் சிலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். அந்த வீடியோ நிகழ்ச்சியின் பெயரும் இசைத்தட்டின் பெயரும் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான், ஆனால் இரண்டும் வேறு வேறு பதிவுகள். வீடியோ 1957 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. இசைத்தட்டில் இருப்பது அதற்குச் சில நாள் முன்பே ஸ்டூடியோவில் தனியாகப் பதிவு செய்தது.

நம்பிக்கை இல்லையென்றால் 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். வீடியோவில் லெஸ்டர் யங் எழுந்து மிகச் சுருக்கமாக வாசிப்பார், பில்லி சின்னச் சிரிப்போடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார் (அந்த இடத்துக்காகவே நான் எத்தனை தடவை பார்த்தேனோ), அப்புறம் டிராம்போன், அது முடிந்ததும் ஜெரி மல்லிகன் பாரிடோன் சாக்ஸபோனில் வருவார். இசைத்தட்டில் மல்லிகனே கிடையாது. தட்டின் அட்டையில் இருக்கும் கலைஞர் பட்டியலையும் பாருங்கள், அங்கேயும் அந்தப் பாட்டுக்கு அவர் பெயர் இருக்காது.