கையெழுத்தில்லாத வெளியேற்றம்

"2005-லேயே காஸாவை விட்டுக் கொடுத்தாச்சு, பதிலுக்கு ராக்கெட்தான் வந்தது." இஸ்ரேல்-பாலஸ்தீன விவாதம் எங்கே நடந்தாலும் பத்தாவது கமெண்டுக்குள் இந்த வரி வந்துவிடும். அதற்குப் பதிலாக, "எதையும் விடவில்லை, வெளியிலிருந்து பூட்டினார்கள்" என்று இன்னொருவர் எழுதுவார். இஸ்ரேல் தன் குடியேறிகளையும் ராணுவத்தையும் காஸாவிலிருந்து எடுத்த அந்த வெளியேற்றம் எப்படி நடந்தது என்பதற்குள் இருவருமே போவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அப்போதைய இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோன் இந்த வெளியேற்றத் திட்டத்தை அறிவித்தது 2003 டிசம்பரில். "பேச எதிரில் ஆளில்லை" என்பது அவர் சொன்ன காரணம். அப்போது பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் உயிரோடு இருந்தார். 2004 நவம்பரில் அராஃபத் இறந்தார். 2005 ஜனவரியில் மஹ்மூத் அப்பாஸ் தேர்தலில் வென்று பாலஸ்தீன ஆணையத்தின் அதிபரானார். ஆயுதப் போராட்டம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர் அவர். பிப்ரவரியில் எகிப்தின் ஷரம் எல்-ஷேக்கில் ஷரோனும் அவரும் கைகுலுக்கினார்கள். ஆள் வந்தாயிற்று. ஆனாலும் திட்டம் மாறவில்லை, ஒருதலைப்பட்சமாகவே நடந்தது. ஏன் என்பதை ஷரோனின் நெருங்கிய ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004 அக்டோபரிலேயே இஸ்ரேல் நாளிதழ் ஹாரெட்ஸ் பேட்டியில் மறைக்காமல் சொல்லியிருந்தார்: அரசியல் பேச்சுவார்த்தையைப் பாடம் செய்து வைக்கத் தேவையான ஃபார்மலின்தான் இந்தத் திட்டம் என்று.

2005 ஆகஸ்டில் காஸாவின் 21 யூதக் குடியேற்றங்களும் ஒரே வாரத்தில் காலி. சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பாலஸ்தீனத்தின் இன்னொரு பகுதியான மேற்குக்கரையின் வடக்கில் 4 குடியேற்றங்களும் காலி. செப்டம்பர் 12 அன்று கடைசி ராணுவ வண்டியும் போயிற்று. குடியேறிகளை அப்புறப்படுத்த எந்த இஸ்ரேல் அரசாலும் முடியாது என்ற பேச்சை இது உடைத்தது. அந்தப் பெருமையை ஷரோனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சொந்தக் கட்சியான லிக்குடின் உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் நிராகரித்த பிறகும் செய்தார்.

ஆனால் மண்ணை விட்டுப் போனவர்கள் எதையெல்லாம் கையில் வைத்திருந்தார்கள்? வான்வெளி, கடல், மக்கள்தொகைப் பதிவேடு, சரக்கு வாசல்கள், சுங்கம். 1994 பாரிஸ் நெறிமுறைப்படி பாலஸ்தீனத்துக்குப் போகும் இறக்குமதிகளுக்கான வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் பிடித்துக்கொண்டு, மாதாமாதம் பாலஸ்தீன ஆணையத்துக்கு அனுப்பும். வெளியேற்றம் இதைத் தொடவே இல்லை. 2006 தேர்தலில் ஆயுதப் போராட்டம் நடத்திவந்த ஹமாஸ் வென்றதும் இந்தப் பணம் நின்றது, அரசு ஊழியர் சம்பளமும் நின்றது.

வெளியேறி இரண்டு மாதம் கழித்துத்தான், 2005 நவம்பர் 15 அன்று, அமெரிக்க வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸ் நேரில் வந்து உட்கார்ந்து போக்குவரத்து ஒப்பந்தம் ஒன்றை முடித்து வைத்தார். காகிதத்தில் அருமையான ஒப்பந்தம். காஸா-இஸ்ரேல் எல்லையிலிருந்த கர்னி சரக்கு வாசல் வழியாக ஆண்டு இறுதிக்குள் நாளுக்கு 150 லாரி ஏற்றுமதி, 2006 இறுதிக்குள் 400 லாரி. டிசம்பர் 15 முதல் காஸாவுக்கும் மேற்குக்கரைக்கும் பேருந்துகள். நடந்தது என்ன? பேருந்து ஒருநாளும் ஓடவில்லை. கர்னியில் பாலஸ்தீன லாரி சரக்கை இறக்கும், சோதனை நடக்கும், மறுபக்கம் இஸ்ரேல் லாரியில் திரும்ப ஏற்றுவார்கள். சுரங்கம் தோண்டுகிறார்கள், தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கைகளில் 2006 தொடக்கத்தில், சரியாக அறுவடை நேரத்தில், அந்த வாசல் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. எச்சரிக்கைகள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன்; கர்னி முன்பும் தாக்கப்பட்ட இடம்தான். ஆனால் குடியேறிகளின் பசுமைக்குடில்களை 1.4 கோடி டாலர் நன்கொடையில் வாங்கி (உலக வங்கியின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் தன் பையிலிருந்தே 5 லட்சம் போட்டார்), கொள்ளை போனது போக மிஞ்சியதைச் சரிசெய்து, விளைவித்த தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வாசலில் அழுகின. இலக்கை எட்டாவிட்டால் யார் தீர்ப்பது, என்ன அபராதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

ரஃபா இன்னும் மோசம். எகிப்து எல்லையிலுள்ள அந்த வாசலுக்கு ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்கள் தங்கியது இஸ்ரேலின் அஷ்கெலோனில். வேலைக்குப் போக வேண்டிய வழி இஸ்ரேல் கையிலிருந்த கெரெம் ஷாலோம் வாசல். அந்த வழியை இஸ்ரேல் மூடினால் கண்காணிப்பாளர் வர முடியாது, கண்காணிப்பாளர் இல்லாமல் ரஃபாவைத் திறக்கக் கூடாது. ஆக, ரஃபாவில் ஒரு இஸ்ரேல் சிப்பாய்கூட இல்லாமலே அதை மூடிவைக்க முடிந்தது. 2006 ஜூனில் இஸ்ரேல் சிப்பாய் கிலாத் ஷாலித் பாலஸ்தீன ஆயுதக் குழுக்களிடம் பிடிபட்ட பிறகு நடந்தது இதுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் அரசியலில். பேச்சுவார்த்தையில் அப்பாஸ் இந்த வெளியேற்றத்தைப் பெற்றிருந்தால், "பேசினேன், வாங்கினேன்" என்று தேர்தலில் நின்றிருப்பார். அவர் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை. "நாங்கள் சுட்டோம், அவர்கள் ஓடினார்கள்" என்று ஹமாஸ் சொன்னதை மறுக்க அவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை. 2006 ஜனவரியில் 132 இடங்களில் ஹமாஸுக்கு 74. அப்பாஸின் கட்சியான ஃபத்தாவின் ஊழலும் உட்பூசலும் இதில் பெரும்பங்கு, அதை மறைக்க வேண்டாம். 2007 ஜூனில் காஸா முழுக்க ஹமாஸ் கையில். ராக்கெட் தாக்குதலுக்கு ஹமாஸும் இஸ்லாமிக் ஜிஹாதும்தான் பொறுப்பு, அதில் சால்ஜாப்பு கிடையாது. ஆனால் கஸ்ஸாம் ராக்கெட் பறக்கத் தொடங்கியது 2001-ல், வெளியேற்றத்துக்கு 4 ஆண்டுகள் முன்பு. "விட்டதால் வந்தது" என்ற கணக்கு அங்கேயே இடிக்கிறது.

2000 மே மாதம் தெற்கு லெபனானிலிருந்து இஸ்ரேல் வெளியேறியபோதும் இதே கதை. ஐ.நா. கோடு போட்டுச் சரிபார்த்தது, ஆனால் லெபனானோடோ சிரியாவோடோ ஒப்பந்தம் இல்லை. எல்லையோர ஷெபா பண்ணை யாருடையது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு லெபனான் ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லா ஆயுதத்தை வைத்துக்கொண்டது. 2006-ல் 34 நாள் போர்.

இப்போது எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாயைப் பாருங்கள். எகிப்தோடு 1979 சமாதான ஒப்பந்தம், 3 ஆண்டுகளில் படிப்படியாக வாபஸ், 1982 ஏப்ரல் 25-ல் முடிந்தது. நிலத்தை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். சூயஸ் பக்கத்து ஏ மண்டலத்தில் எகிப்துக்கு 22,000 வீரர், 230 டாங்கி வரை. எல்லையோர சி மண்டலத்தில் சிவில் போலீஸ் மட்டும். டி மண்டலம் இஸ்ரேல் பக்கத்தில். அங்கே இஸ்ரேலுக்கும் 4,000 வீரர்தான், டாங்கி கூடாது. சோவியத் எதிர்ப்பால் ஐ.நா. படை அமையாது என்றதும் தனியாகவே ஒரு பன்னாட்டுப் படை அமைத்தார்கள். தபாவில் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுக்கான துண்டு நிலத்தில் எல்லைக்கல் எங்கே என்று தகராறு வந்தது. நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள், 1988-ல் இஸ்ரேல் தோற்றது, மறு ஆண்டு ஹோட்டலோடு ஒப்படைத்தது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை.

2005-லேயே இதன் வாலைப் பார்க்கலாம். காஸா எல்லையில் எகிப்து வீரர்களை நிறுத்த 1979 ஒப்பந்தம் இடம் தராததால், 750 எல்லைக்காவலர் என்று எண் குறித்து இஸ்ரேலும் எகிப்தும் தனியாகக் கையெழுத்திட்டன. அந்த 14 கிலோமீட்டருக்கு எகிப்தோடு ஒப்பந்தம் தேவைப்பட்டது. அதன் மறுபக்கம் வாழ்பவர்களோடு தேவைப்படவில்லை!

பேச்சுவார்த்தை என்றாலே தீர்வு என்று சொல்லவரவில்லை. இஸ்ரேலும் பாலஸ்தீனரும் 1993-ல் தொடங்கிய ஆஸ்லோ ஒப்பந்தமும் பேசிச் செய்ததுதான். இறுதித் தீர்வு 1999 மே மாதத்துக்குள் என்றார்கள். குடியேற்றத்தை நிறுத்த விதி இல்லை, அடுத்தடுத்த வாபஸின் அளவு குறிக்கப்படவில்லை, தகராறு வந்தால் கட்டாய நடுவர் இல்லை. ஹமாஸ் தற்கொலைத் தாக்குதலும் இஸ்ரேல் பிரதமர் ராபின் கொலையும் வந்தபோது அதைத் தாங்க ஒப்பந்தத்தில் எலும்பு இல்லை. சினாயில் இருந்த எண்ணும் நடுவரும்தான் ஆஸ்லோவில் விடுபட்டவை.

2025 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 2803-வது தீர்மானத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். இஸ்ரேல் ராணுவம் காஸாவிலிருந்து விலகுவது ஆயுதக் களைவோடு இணைந்த தரநிலை, மைல்கல், காலவரம்பு ஆகியவற்றின்படி நடக்கும் என்கிறது. அவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் யார்? இஸ்ரேல் ராணுவம், பன்னாட்டுப் படை, உத்தரவாத நாடுகள், அமெரிக்கா. அந்தப் பட்டியலில் பாலஸ்தீனர் இல்லை.