போஸ்டரையே வெப்சைட்டில் போடச் சொல்லாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், எந்த ஊர்க் கடைக்குப் பரிசுப் போட்டிப் பக்கம் செய்யப் போனாலும் இதே தொல்லை. ஃப்ரண்ட் எண்ட் (வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் செய்யும் வேலை) படித்துக்கொண்டே இந்தச் சின்ன வேலைகளை எடுக்கிறேன், ஆசைப்பட்டுத்தான் எடுக்கிறேன். விதிமுறைகளை எழுத்தாகக் கேட்டால் வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்து விழும். "அதையே போட்டுருங்க தம்பி, எல்லாம் அதுல இருக்கு."

இருக்கிறது, சரி. யார் படிப்பது? ஃபிளெக்ஸ் போர்டுக்குச் செய்த படம் 360 பிக்சல் அகலப் போன் திரையில் சுருங்கும்போது, கடைசித் தேதி எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. விரலால் பெரிதாக்கினால் எல்லாம் மங்கல், வாட்ஸ்அப் ஏற்கெனவே படத்தை நசுக்கிவிட்டதே! பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் படத்துக்குள் இருப்பதை ஒழுங்காகப் படித்துச் சொல்லாது. ஆல்ட் டெக்ஸ்டில் (படத்தோடு சேர்க்கும் விளக்க வரியில்) எழுதலாமே என்பார்கள். அதற்கும் அந்த எழுத்துதானே வேண்டும்?

டிசைனரிடம் கேட்டால் பாமினி எழுத்துருவில் அடித்ததைத் தருகிறார். அது எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் இல்லை. எடிட்டரில் ஒட்டியதும் பரிசு, நிபந்தனை எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, அப்புறம் ஒவ்வொரு வரியையும் போஸ்டரோடு ஒத்துப் பார்த்து முடிக்க நடுராத்திரி ஆகிவிடுகிறது. ஃபார்ம் வேலிடேஷன் (படிவத்தில் நிரப்பியது சரியா என்று பார்ப்பது) படிக்க வைத்திருந்த நேரம் அது.

விதிமுறையைப் போனிலேயே தமிழில் தட்டி, சாதாரண மெசேஜாக அனுப்புங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன்.