அந்த அழுமூஞ்சி ஸ்டாம்ப் பத்தி

மூணு நாளா எதுவும் எழுதக்கூடாதுன்னு தான் இருந்தேன், முடியல. அந்த போட்டோவ நீங்க எல்லாரும் பாத்துட்டீங்க, என் கமெண்ட்டுக்கு கீழ என்ன நடந்துச்சுன்னும் பாத்துட்டீங்க. ப்ரீகேஜி புள்ளைங்க வரிசையா கையை நீட்டிட்டு நிக்குதுங்க, எல்லார் கையிலயும் ஸ்டார், கடைசியில நிக்கிற பையன் கையில மட்டும் அழுமூஞ்சி ஸ்டாம்ப். பக்கத்துப் புள்ளையக் கடிச்சிட்டானாம். அதை பேரண்ட்ஸ் குரூப்ல வேற போட்டிருக்காங்க, அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல்.

அவனுக்கு மூணு வயசுங்க. அந்தக் கையை சட்டைக்குள்ள இழுத்துக்கப் பாக்குறான், போட்டோவ பெருசாக்கிப் பாருங்க தெரியும்.

நான் கமெண்ட்ல எழுதினது ஒண்ணே ஒண்ணு தான், இப்பவும் அதையே தான் சொல்றேன். புள்ளைக்கு முதல்ல ஒரு ஆள் வேணும். கிளாஸ்ல இருக்குற ஒரு பெரிய மனுஷிக்கு நம்ம மேல பிரியம் இருக்குன்னு அதுக்குத் தெரியணும். பகிர்ந்து சாப்பிடுறது, விட்டுக்கொடுக்குறது, அழுற புள்ளை கண்ணைத் துடைக்கிறது எல்லாம் அதுக்கப்புறம் தான் வரும். ஸ்டாம்ப் குத்தி வராது.

ரெண்டு மூணு வயசுப் புள்ளைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து தனித்தனியா தான் விளையாடும். ஒரே பொம்மைக்கு ரெண்டு பேரு வந்துட்டா, 'எனக்கும் தா'ன்னு சொல்ல வாய் வராத புள்ள பல்லைத் தான் நீட்டும். அதுக்குக் கெட்ட எண்ணம்னு பேர் வைக்காதீங்க. 'எனக்கும் தா'ங்கிற வார்த்தையை நாம தான் அது வாயில வைக்கணும். தள்ளுன புள்ளைக்கு 'எனக்கு வேணும்'னு சொல்லிக்கொடுக்கணும், தள்ளு வாங்குன புள்ளைக்கு 'வேணாம், வலிக்குது'ன்னு சத்தமா சொல்லக் கத்துக்கொடுக்கணும். ஒரு நாள்ல நடக்காது, நூறு தடவை சொல்லணும்.

பதினாலு வருஷமா நான் அங்கன்வாடியில இருக்கேன். ஒரு பையன் இருந்தான், பேர் வேணாம். வந்ததுல இருந்து யாரையாவது தள்ளிக்கிட்டே இருப்பான். நானும் அப்போ 'சாரி சொல்லு, சாரி சொல்லு'ன்னு அவன் தோளைப் புடிச்சு நிறுத்தினவ தான். அவனும் சாரி சொல்லிட்டு அடுத்த நிமிஷம் இன்னொருத்தியத் தள்ளுவான். எங்க ஆயாம்மா தான் ஒரு நாள் கேட்டாங்க, "டீச்சர், இவன் திங்கக்கிழமை தான் ரொம்பப் பண்றான், கவனிச்சீங்களா?"ன்னு. நான் கவனிக்கல. அவங்க அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் தூங்குனதும் பஸ் ஏறிடுவாங்க. திங்கக்கிழமை கண்ணு முழிச்சா அம்மா இல்ல. அவன் யார்கிட்ட போய் என்னன்னு சொல்லுவான்?

அதுக்கப்புறம் திங்கக்கிழமை காலையில வாசல்ல அவனுக்காக உக்காந்திருப்பேன். நிக்கல, உக்காந்திருப்பேன், அவன் கண்ணுக்கு நேரா. "அம்மா போயிட்டாங்களாடா தங்கம்"னு கேப்பேன். மொத ரெண்டு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், மூணாவது வாரம் மடியில உக்காந்து அழுதான். திங்கக்கிழமை தக்காளி சாதமும் முட்டையும், முட்டை வைக்கிற வேலையை அவன்கிட்ட குடுத்தோம். தட்டு தட்டா வச்சுட்டு வருவான். ஒரு நாள் ஒரு முட்டைய மூடி வச்சிருந்தான். என்னடான்னா, இன்னும் வராத ஒரு பாப்பாவுக்காம். உடனே மாறிட்டான்னு நினைக்காதீங்க, அதே வாரம் ஒருத்தனைத் தள்ளவும் செஞ்சான். ஆனா தள்ளிட்டு அவனே என்கிட்ட ஓடி வந்தான். எனக்கு அது போதும்.

"கடி வாங்குன புள்ளைக்கு என்ன பதில்?"னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. முதல்ல தூக்க வேண்டியது கடி வாங்குன புள்ளையத் தான், அதுல சந்தேகமே இல்ல. தண்ணி வச்சுத் துடைக்கும்போது கடிச்சவனையும் பக்கத்துல உக்கார வைங்க, துணியப் புடிக்கச் சொல்லுங்க, அந்தக் காயத்தை அவன் பாக்கட்டும். இன்னொருத்தன் கையில ஸ்டாம்ப் குத்துனதால உங்க பாப்பாவுக்கு வலி குறைஞ்சுதா, சொல்லுங்க.

"நாங்கல்லாம் அடி வாங்கித் தான் வளந்தோம்"னு சொன்னவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. நானும் அடி வாங்கினவ தான், இன்னும் மறக்கல, அவ்வளவு தான்.

"இதெல்லாம் தண்டனையே இல்லம்மா, சட்டத்துல அடிக்கத் தான் கூடாது"ன்னு ஒரு சார். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவைப் படிங்க சார், அடிக்கிறது மட்டும் இல்ல, மனசைத் துன்புறுத்துறதும் கூடாதுன்னு தான் இருக்கு. அந்தச் சட்டம் ஆறு வயசுல இருந்து தான்னு சொல்வீங்க, தெரியும். அப்போ மூணு வயசுப் புள்ளைக்கு மனசு இல்லையா?

அப்புறம் அந்த ஒரு கமெண்ட். "சோறு போடுறவங்களும் பாடம் எடுக்க வந்துட்டாங்க." அதுக்கு ஹார்ட் போட்டதுல எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு இருக்காங்க. ஆமாங்க, சோறு தான் போடுறேன். 1975 அக்டோபர் 2 இந்த அங்கன்வாடித் திட்டம் ஆரம்பிச்சப்பவே ஊட்டச்சத்து, தடுப்பூசியோட முன்பருவக் கல்வியும் எங்க வேலைன்னு தான் எழுதியிருக்கு. அதை விடுங்க. சோறு போடுறது ஏன் கீழான வேலை? எந்தப் புள்ள இன்னிக்கு சாப்பிடல, எது பக்கத்துத் தட்டைப் பாக்குது, எது வீட்டுல நேத்து சண்டைன்னு எங்களுக்கு முதல்ல தெரியுறது சோறு போடும்போது தான். அந்தப் பையன் மூடி வச்ச முட்டையும் அப்படித் தான் என் கண்ணுல பட்டுச்சு. பெரிய பில்டிங், ஏசி ரூம், கலர் கலரா நாற்காலி எங்ககிட்ட இல்ல. எங்க புள்ளைங்க யார் கையிலயும் அழுமூஞ்சியும் இல்ல.

அந்த டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்ல, இதையும் சொல்லிடறேன். சின்னப் பொண்ணு மாதிரி தெரியுது. ஒத்தையா அத்தனை புள்ளைங்களை வச்சு மேய்க்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். யாரோ ஸ்டாம்ப் வாங்கிக் குடுத்து இதைப் பண்ணுன்னு சொல்லியிருப்பாங்க.

ஆனா அந்த போட்டோ இன்னும் அந்த குரூப்ல தான் இருக்கு. நேத்து ராத்திரி கூட ஒருத்தர் எனக்கு ஃபார்வர்ட் பண்ணினாங்க. டீச்சர், இதைப் படிச்சா தயவுசெஞ்சு அதை டெலீட் பண்ணிடும்மா. நாளைக்கு அந்தப் பையன் வரும்போது வாசல்ல கொஞ்சம் உக்காரு.