இது எந்தப் படத்துப் பாட்டு?

அக்கா மகன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கிட்டாரோடு உட்கார்ந்து பாடிய அன்றைக்கு வந்திருந்தவர்கள் 38 பேர். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. இரண்டு ஜமக்காளத்தை விரித்துப் போட்டோம். மதுரையில் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடி என்றால் மெயின் ரோட்டு பஸ் ஹாரனும் சேர்ந்துதான் கேட்கும். முதல் பாட்டு முடிந்ததும் எதிர்வீட்டு ஆச்சி என் பக்கம் குனிந்து கேட்டார்:

"இது எந்தப் படத்துப் பாட்டுப்பா?"

"படம் இல்லை ஆச்சி. இவனே எழுதி இவனே மெட்டுப் போட்டது."

"அப்படியா! அப்ப ரேடியோவுல வராதா?"

ஆச்சி கேட்டதில் தப்பே இல்லை. நமக்குப் பாட்டு என்றாலே படம்தான் என்று பழகிப்போய்விட்டது. கோயிலில் பாடுவது தனி, சபாவில் பாடுவது தனி, திருவிழாவில் பாடுவது தனி. இந்த மூன்றிலும் சேராமல் ஒருவன் சொந்தமாக எழுதிப் பாடினால், சினிமா வாய்ப்புக்கு வரிசையில் நிற்கிறான் என்றே முடிவுகட்டிவிடுகிறோம். "எப்பப்பா சினிமாவுல பாடப் போறே?" என்று அவனைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. வீணை வாசிக்கிற பெண்ணிடம் யாராவது இப்படிக் கேட்கிறோமா? அவன் பாடுவதை அதற்காகவே கேட்க வருகிற கூட்டம் ஒன்று இருக்க முடியும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

நான் நினைத்துப் பார்க்கிறேன். அவனுக்குக் கம்பெனி வேண்டாம், பட வாய்ப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. கச்சேரி என்றால் தேடி வருகிற 300 பேர் இருந்தால் போதும். அந்த 300 பேர் ஒரே ராத்திரியில் வரமாட்டார்கள், ஒவ்வொருவராகத்தான் வருவார்கள்.

கம்பெனி வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இசை நிறுவனத்திலிருந்து அவனுக்கு ஒப்பந்தம் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். 11 பக்கம். ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நான்காவது பக்கத்தில், பாட்டுகளின் உரிமை "உலகம் முழுவதும், எக்காலத்துக்கும்" அவர்களுக்கே என்று இருந்தது. அதற்கு ஈடாக அவன் கைக்கு வரும் தொகையில் ஒரு சுமாரான கிட்டார்கூட வாங்க முடியாது. அப்புறம் ஒரு வக்கீல் நண்பரிடம் காட்டினேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்றார். அதனால்தான் அந்த மூன்று வார்த்தைகளை மறக்காமல் போடுகிறார்கள். பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்கான பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது என்று 2012இல் திருத்தம் வந்தது. 20 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கையெழுத்துப் போடும் முன் தயவுசெய்து யாரிடமாவது காட்டுங்கள்.

சரி, கம்பெனி இல்லாமல் இணையத்தில் போட்டால் போதாதா? போடட்டும், போடத்தான் வேண்டும். ஆனால் அங்கேயே குடியிருக்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி: கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினாலும் ஒரு டீ, வடைக்கு வந்தால் பெரிது. அதைவிட எனக்கு உறுத்துவது, கேட்டவர்கள் யார் என்றே அவனுக்குத் தெரியாது. தஞ்சாவூரில் 40 பேர் அவன் பாட்டை விடாமல் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டும். அந்த 40 பேரையும் "அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறேன், வாங்க" என்று கூப்பிட அவனிடம் வழியில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பெண் ஒருவர் அடிக்கடி நினைவுக்கு வருவார். ஆனி டிஃப்ராங்கோ. கையில் ஒரு அகூஸ்டிக் கிட்டார், சொந்தப் பாட்டு. 1990இல் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். தன் ஆல்பங்களுக்கென்று ரைச்சியஸ் பேப் என்ற கம்பெனியைத் தானே தொடங்கினார். ஊர் ஊராகக் கார் ஓட்டிப்போய்ப் பாடி, பாடிய இடத்திலேயே கேசட் விற்றார். பெரிய கம்பெனிகள் தேடி வந்தபோதும் போகவில்லை. 1997இல் ஒரு பத்திரிகை அவருடைய வருமானக் கணக்கைச் சொல்லிப் பாராட்டியது. காசை வைத்து என்னை அளக்காதீர்கள் என்ற பொருளில் அந்தப் பத்திரிகைக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். பிற்பாடு இடிபட இருந்த பழைய சர்ச் ஒன்றைத் தன் ஊரிலேயே வாங்கிப் புதுப்பித்து அரங்கமாக்கினார். இணையம் பரவுவதற்கு முன்பே கூட்டம் சேர்த்துவிட்டவர் அவர்.

நமக்கும் இது புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன் சந்தையிலும் திருவிழாவிலும் நின்று பாடிக் காட்டி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் குஜிலிப் பாட்டுப் புத்தகம் விற்றார்களே, அவர்களுக்கு எந்தக் கம்பெனி இருந்தது? கொலை வழக்கு, வெள்ளம், ரயில் விபத்து என்று அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் பாட்டாகக் கட்டினார்கள். பாட்டுப் பிடித்தவன் அங்கேயே காசு கொடுத்துப் புத்தகம் வாங்கினான். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

அதைத்தான் மாடியில் செய்து பார்த்தோம். ஆளுக்கு 200 ரூபாய். படி ஏறியதும் ஒரு 40 பக்க நோட்டு: பெயர், ஊர், வாட்ஸாப் எண். வெட்கப்பட்டுக்கொண்டு அதை மூலையில் வைக்கப் போனான். பிடித்து முன்னால் வைக்கச் சொன்னேன். மூன்றாவது பாட்டின்போது கரண்ட் போய்விட்டது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தவும் ஒன்றுமில்லையே, எல்லாம் விரலும் கம்பியும்தானே. யாரோ செல்போன் வெளிச்சத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தார்கள். கம்பியில் விரல் நகரும்போது வருகிற சின்னக் கிறீச் சத்தம்கூடக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எத்தனை லட்சம் வியூஸ் வந்தாலும் அந்த அமைதி வராது என்பது என் நம்பிக்கை.

இதில் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குக் கிட்டார் வகுப்பு எடுக்கிறான். அதுதான் சோறு போடுகிறது. "உங்களுக்கு விளம்பரம்தானே" என்று சொல்லி சாண்ட்விச்சும் காபியும் கொடுத்து மூன்று மணி நேரம் சினிமாப் பாட்டு பாட வைத்த ஒரு காபிக் கடைக்கு இப்போது போவதில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட அவன் பெயரைக் கேட்கவில்லை. மாடிக் கச்சேரியில் அன்றைக்கு வந்த 7,600 ரூபாயும் அவன் கைக்குப் போனது. கேட்கிற நம்மிடம்தான் பாதி விஷயம் இருக்கிறது. 200 ரூபாய் பாப்கார்னுக்குக் கொடுக்கிறோம், இதற்கும் கொடுப்போம். இலவச பாஸ் கேட்காதீர்கள். பாட்டுப் பிடித்தால் அவனிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இதுவரை ஐந்து மாடிக் கச்சேரி முடிந்திருக்கிறது. நோட்டில் 167 பேர். போன தடவை ஆச்சியும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எனக்கு வாட்ஸாப் எல்லாம் இல்லப்பா. பேரை மட்டும் எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டோம். போகும்போது அவனிடம், "அந்த மழைப் பாட்டை அடுத்த தடவையும் பாடு" என்றார். படம் எது என்று கேட்கவில்லை.

அடுத்தது வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை. இடம் பக்கத்துத் தெருவில், இன்னொருவர் வீட்டு மாடி. மதுரைக்காரர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், விலாசம் அனுப்புகிறேன்.