ஒரு பலகையும் இத்தனை போர்டுகளும்

ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அர்த்தத்தை மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை என்பது என் கட்சி. 'போர்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகை, வாரியம், சாப்பாடு, கப்பலில் ஏறுதல் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்கள், பரீட்சை முடிந்ததும் மறப்பார்கள். பலகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

உறவு ரொம்ப நெருக்கம். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்குப் பலகை என்று பொருள். கால்கள் மேல் பலகையைப் போட்டால் சாப்பாட்டு மேசை. மேசையின் பெயர் அதில் வைக்கும் சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. நம்மூர் ஓட்டல் வாசல்களில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதியிருக்குமே, அந்த போர்டிங் சாப்பாடுதான். உணவோடு தங்கவைத்துப் படிப்பிக்கும் பள்ளி, போர்டிங் ஸ்கூல். அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் போர்டு ஆனார்கள். சங்கப்பலகைக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மின்சார வாரியத்தை 2010இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்த பிறகும் நாம் 'ஈபி ஆபீஸ்' என்றுதான் சொல்கிறோம். அந்த 'பி' இந்த மேசைதான்.

கப்போர்டும் முதலில் கதவு வைத்த அலமாரி இல்லை, கோப்பைகளைப் பரப்பிவைக்கும் மேசை. ஒளிவு மறைவில்லாததை 'அபவ் போர்டு' என்பதும் சூதாட்டத்திலிருந்து வந்ததுதான். கை மேசைக்கு மேலே தெரிந்தால் சீட்டை மாற்ற முடியாதல்லவா?

கப்பல் விஷயத்தில்தான் என் பலகைக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. கப்பலின் பக்கவாட்டையும் பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறித்தார்கள். அது வேறொரு சொல், பிற்பாடு இதோடு கலந்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. எப்படியோ, கதை அருமையானது. அந்தக்கால வட ஐரோப்பியக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் இருக்கும். அதனால் அது 'ஸ்டார்போர்டு', திருப்புகிற பக்கம். நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைக் கரையோடு ஒட்டி நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் 'லார்போர்டு'. புயல் காற்றில் ஒருவர் கத்தினால் இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்பதையே இடப்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ள உத்தரவிட்டது. (தமிழில் எழுதினால் இது நமக்குப் புதுத் தலைவலி.) இன்றும் விமானத்தில் பயணிகள் ஏறுவது பெரும்பாலும் இடப்பக்கக் கதவு வழியாகத்தான், கையில் போர்டிங் பாஸோடு.

அங்கிருந்து கிளம்பி ஐடி கம்பெனிகளில் 'ஆன்போர்டிங்' ஆகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு நாற்காலியும் லேப்டாப்பும் கொடுப்பதற்கு எதற்குக் கப்பல் பாஷை? எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் 'டேஷ்போர்டு' பிடிக்கும். குதிரை வண்டியில் குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமலிருக்க முன்னால் அடித்த பலகை அது. பிறகு காருக்கு வந்தது, இப்போது மானேஜர்களின் கணினித் திரையில் வண்ண வண்ணக் கட்டங்களாக நிற்கிறது. எண் போட்ட பட்டியலில் இதை எந்த எண்ணில் எழுதுவீர்கள்? குதிரையை வரைந்து காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.