உண்மை விளக்கம்: டர்பன் வீட்டு வரியும் மத்திய அரசின் பணமும்

“டர்பன் மாநகராட்சியின் செலவு முழுவதையும் மத்திய அரசே கொடுத்துவிடுகிறது, ஆகவே வீட்டு வரி கட்டத் தேவையில்லை” என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதித் தமிழர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 229ஆம் பிரிவு, சொத்து வரியும் சேவைக் கட்டணங்களின் மீது கூடுதல் கட்டணமும் விதிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கே அளிக்கிறது. மத்திய அரசு ஆண்டுதோறும் தரும் பங்குத்தொகை உண்மைதான். ஆனால் அது முதன்மையாக ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடிப்படைத் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வழங்குவதற்கானது. எத்தெக்வினி (டர்பன் மாநகராட்சியின் பெயர்) போன்ற பெருநகரம் தன் அன்றாடச் செலவின் பெரும்பகுதியை வரி, தண்ணீர், மின் கட்டணங்களிலிருந்தே ஈட்டியாக வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டப்படி வீட்டு மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு வரி இல்லை. ‘வரியே இல்லை’ என்ற வதந்தி ஒருவேளை இந்தச் சலுகையிலிருந்து முளைத்திருக்கலாம்.

வரியைக் கட்டாமல் விட்டால் பாக்கி வீட்டின் மீதே நிற்கும். கடைசி இரண்டு ஆண்டு நிலுவை தீர்ந்ததாக நகராட்சி சான்றளிக்காமல் வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

“பணம் எங்கே போகிறது?” என்ற கோபம் நியாயமானதே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அந்த நிலையம் பின்னர் சீரமைக்கப்பட்டது. எனினும் நகரம் வாங்கும் தண்ணீரில் பெரும்பங்கு கசிவாலும் கள்ள இணைப்பாலும் வருவாய் தராமலே போகிறது. வரவுசெலவுத் திட்ட வரைவு ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக்கு முன் மக்கள் கருத்துக்கு வைக்கப்படுகிறது. கேள்வி கேட்க அதுவே உரிய இடம்.